தீனபந்து ஆண்ட்ரூஸ்

எங்கள் பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம் உண்டு. 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது அது. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பதே அவரைப் பற்றி வழங்கும் புகழ். ஊவா மலைநாட்டில் வெள்ளையர் விட்டுச் சென்ற நினைவுகள் பெரும்பாலும் இத்தகையனவே. ஆதலின், தம் நிறத்தைத் தாமே நிறுத்துப் பார்த்த ஆங்கிலேயர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

சார்ள்ஸ் பிரீர் ஆண்ட்ரூஸ் 1871இல் நியூகாசில் நகரிற் பிறந்தார்; கேம்பிரிட்ஜில் கற்றுக் குருத்துவம் பெற்று, 1904இல் டில்லி ஸ்டீபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். இரண்டாண்டுகளில் அக்கல்லூரியின் தலைமைப் பதவி வெற்றிடமாயிற்று. ஆங்கிலேயரே அதில் அமர்வது அந்நாள் வழக்கம். ஆண்ட்ரூஸ் அதனைத் தாம் விரும்பாது, தம்மினும் பழுத்த அனுபவமுடைய சுசீல் குமார் ருத்திரருக்கே அளித்தல் வேண்டுமென வற்புறுத்தினார். அவ்வாறே 1906இல் ருத்திரர் தலைவரானார். ஆண்ட்ரூஸ் அவர்கீழ்ப் பணிபுரிந்தார்.

1914 சனவரியில் டர்பன் துறைமுகத்தில் அவர் காந்தியடிகளின் பாதம் தொட்டு வணங்கியதையே பலரும் வியந்து பேசுவர். அங்குள்ள வெள்ளையர் வெகுண்டனர் என்பதும் உண்மையே. எனக்கோ டில்லியில் நிகழ்ந்ததே பெரிதாகத் தோன்றுகிறது. பள்ளிக்கூடங்களில் வாழ்நாளைக் கழித்தவர்கள், தலைமை நாற்காலியை ஒருவர் மனமுவந்து விட்டுக்கொடுப்பது எத்துணை அரிதென்பதை அறிவார்கள்.

1915இல் நண்பர் பியர்சனுடன் பிஜித் தீவு சென்றார். கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் வடித்த அதே பிஜிதான். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டோர் அங்கே அடைபட்டிருந்தனர். 100 ஆடவருக்கு 40 பெண்டிர் என்ற கணக்கிற் கப்பலேற்றியமையால் இல்வாழ்க்கை சிதைந்தது, தற்கொலைகள் மலிந்தன. இவற்றையெல்லாம் இருவரும் அறிக்கையாக்கினர். 1917இல் ஆட்சேர்ப்பு நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 சனவரி முதல் நாளில் அற்றன.

எங்கள் பசறை, லுணுகலைத் தோட்டங்களில் அவ்வொப்பந்தம் இல்லை. பெரிய கங்காணியின் கடனும் துண்டும் இருந்தன. பழைய துரையின் துண்டுச்சீட்டின்றி வேறு தோட்டம் புகுதல் அரிது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது. ஆதலின் பிஜியின் துயரம் எம் மாணவர்க்கு அயலார் கதையன்று. அவர்களுள் கூர்ந்து நோக்குவோர் ஒன்று கேட்பதுண்டு: கூலியாளின் துயரைச் சொல்ல வெள்ளையர்தாம் வேண்டுமா?

நியாயமான வினா. 21 ஆண்டுகள் பிஜியில் உழன்று மீண்ட தோதாராம் சனாத்தியர், தம் அனுபவத்தை 1914இலேயே இந்தியில் நூலாக்கியிருந்தார். ஆயினும் இராசப்பிரதிநிதி ஹார்டிங் பிரபுவின் நட்பு வாய்த்தது ஆண்ட்ரூஸுக்கே. வெள்ளை நிறம் ஈட்டித் தந்த செல்வாக்கைக் கொண்டே வெள்ளையர் கொடுமையை அவர் எதிர்த்தார். இது முரணே, மறுப்பதற்கில்லை. தம் இனத்தார் செய்த தீங்கிற்குக் கழுவாயாகவே தம் தொண்டினை அவர் கருதினார். கழுவாய் தேடுவோர் பலர் தம் உள்ளத்தையே நோக்கி அமர்ந்துவிடுவர். இவர் கூலிவரிசைகளுக்குள் நுழைந்து பார்த்தார். 1917இல் மீண்டும் பிஜிக்குச் சென்றார்.

மக்கள் அவரைத் தீனபந்து என்றழைத்தனர். 1940 ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அந்நகரிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார்.