மயில்மேல் அமர்ந்த குரல்

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முந்தைய தலைமுறையினர் இசை நாடகம் காணப் புறப்பட்டது ஒரு சிறு யாத்திரைக்கு ஒப்பாகும். அறுவடை முடிந்து கோயில் கொடைகள் தொடங்கும் பருவத்தில், நாடக நோட்டீசில் தமக்கு உகந்த ராஜபார்ட்டின் பெயரைக் கண்டுவிட்டால் போதும். கட்டுச்சோறும் கோரைப்பாயும் எடுத்துக்கொண்டு அந்தியிலேயே வண்டி பூட்டிவிடுவர். வண்டியில்லாதோர் நடந்தே செல்வர். 1927இல் விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய மூன்று ஊர்களையும் ஒரே புகைவண்டி இணைத்தது. இரவு தொடங்கும் நாடகம் விடியற்காலையில்தான் முடியும். மக்களை அவ்வாறு ஊர்விட்டு ஊர் வரவழைத்த குரல்களுள் தனியிடம் பெற்றது தியாகி விசுவநாததாசின் குரல்.

அவர் 1886 ஜூன் 16 அன்று சிவகாசியில் பிறந்தார். அந்நாளில் சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. முடிதிருத்தும் தொழிலும் மருத்துவமும் புரிந்துவந்த மருத்துவர் குலம் அவருடையது. பின்னர் அவர் வாழ்ந்த ஊர் மதுரையை அடுத்த திருமங்கலம். இளமையிலேயே பாட்டில் நாட்டங்கொண்ட அவர், முதலில் பெண் வேடம் தாங்கிப் பின்னர் ராஜபார்ட்டாக உயர்ந்தார். அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாது இணைந்தது வள்ளி திருமணத்தில் அவர் ஏற்ற முருகன் வேடம்.

சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்தளித்த அந்நாடகத்தின் கதையை அறியாதார் இலர். தினைப்புனம் காக்கும் வள்ளி, வேடனாய் வரும் முருகன், இருவர்க்கும் நிகழும் தர்க்கம், முடிவில் திருமணம் என்பதே அதன் போக்கு. ஆயினும் ஸ்பெஷல் நாடகத்தில் கதைதான் ஒன்று. உரையாடலும் இடையிடையே சேர்க்கும் பாட்டும் நடிகரின் திறனுக்கு விடப்பட்டவை. அந்த இடைவெளியில்தான் விசுவநாததாஸ் நாட்டு விடுதலையைப் புகுத்தினார். மதுரகவி பாஸ்கரதாஸ் புனைந்த கொக்குப் பாட்டு அதற்குத் தக்க சான்று. தினைப்புனத்தில் பறவையை விரட்டுவது கதைக்கு இயைந்த செயலே. ஆனால் கடல் கடந்து வந்த அந்த வெள்ளைப் பறவை எது என்பதை, எழுத்தறியாத உழவரும் முதலடியிலேயே உணர்ந்துகொண்டனர். மேடைக்குக் கீழே நின்ற காவலரும் உணர்ந்தனர்.

1919இல் நிகழ்ந்த பஞ்சாப் படுகொலையும் அவர் பாட்டில் இடம்பெற்றது. கதர் அணிந்தே மேடையேறினார். நாடகத்தைக் கட்டுப்படுத்த 1876இலேயே ஆங்கில அரசு சட்டம் இயற்றியிருந்தது; பாட்டைக் கேட்டதும் அதைத் தடுப்பதற்கு ஆணைகள் வந்தன. பலமுறை அவர் கைதானார். விடுதலை பெற்று வந்து, மீண்டும் அதே பாட்டையே பாடினார். ஆகவே அவர் நாடகத்திற்குச் செல்லும் ரசிகருக்கு, விடியும்வரை நாடகம் நடக்கும் என்ற உறுதி கிடையாது. நாடகம் பாதியில் நின்றாலும், கேட்ட பாட்டு அவரோடு ஊர் திரும்பியது. கமலை இறைக்கும் கிணற்றடியிலும் தறிமேடையிலும் அது மறுபடி ஒலித்தது. பாடியவரைச் சிறையிட்ட அரசால், பாட்டைச் சிறையிட இயலவில்லை.

எனினும் அவர் எதிர்த்து நிற்கவேண்டியிருந்தது ஆங்கில அரசு ஒன்றை மட்டுமன்று. முருகனாய் மயில்மேல் வருகையில் கைகூப்பிய சமூகம், வேடம் கலைந்தபின் அவருடைய சாதியை எண்ணிப் பார்த்தது. மருத்துவர் குலத்தவர் என்ற காரணத்தால் அவருக்கு இணையாக வள்ளி வேடம் ஏற்க நடிகையர் பலர் மறுத்தனர். அத்தகைய காலத்தில் அவரோடு துணிந்து மேடையேறியவருள் கே. பி. ஜானகியம்மாள் குறிப்பிடத்தக்கவர். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்ற பொதுவுடைமை இயக்கத் தலைவர் அவரே. விசுவநாததாசின் குரலுக்காக இரவெல்லாம் கண்விழித்தோருள் எத்தனை பேர் தம் வீட்டுத் திண்ணையில் அவரைச் சமமாய் அமர்த்தியிருப்பர் என்ற வினா, அவர் வரலாற்றைப் படிப்போரை இன்றும் உறுத்துகிறது. கலைஞனைக் காது ஏற்றுக்கொள்வது எளிது. மனம் ஏற்றுக்கொள்வதே அரிது.

சிறையும் தடையும் அவர் வருவாயைக் குறைத்தன, கடன் பெருகியது, உடல் தளர்ந்தது. ஆயினும் பாட்டை மாற்றிக்கொண்டு பிழைக்கும் வழியை அவர் நாடவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். திரை விலகியது. மயில்மேல் முருகனாக வீற்றிருந்து பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருக்கையிலேயே குரல் அடங்கியது, உயிரும் பிரிந்தது. அகவை 54. முருகன் கோலத்திலேயே, மயில் வாகனத்திலேயே அவரது இறுதி ஊர்வலம் சென்றது. நாடகம் பார்க்க வந்திருந்தோர், தம் பாடகரை வழியனுப்புவோராக மாறினர்.

விடுதலை வர இன்னும் ஏழாண்டுகள் எஞ்சியிருந்தன. 1947இல் கொண்டாடிய கூட்டத்தில் அவர் இல்லை. அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தோர் இருந்தனர். மதுரகவி பாஸ்கரதாஸ் 1952வரை வாழ்ந்து, தம் சொல் சுமந்த கனியைக் கண்டார். ஏட்டில் இருந்த அக்கவிஞரின் சொல்லுக்கு உடலையும் குரலையும் ஈந்தவர் விசுவநாததாஸ். அதை ஊர்தோறும் கொண்டு சேர்த்தவர்கள் பெயர் தெரியாத ரசிகர்கள். இம்மூவருள் ஒருவர் குறைந்திருப்பினும் அப்பாட்டு காகிதத்தோடு நின்றிருக்கும். கவிதை எழுதுவோர் மறக்கலாகாத உண்மை இது.

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு இன்று அரசின் நினைவு இல்லம். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை செல்லும் பேருந்துகள் திருமங்கலத்தைக் கடந்தே போகின்றன. வண்டி பூட்டவோ கட்டுச்சோறு கட்டவோ தேவையில்லை. வழியில் ஒரு நாள் இறங்கிச் சென்று காணலாம்.