ஜீப் பேரமும் கிருஷ்ண மேனனும்: கணக்குக் குழு எழுப்பிய முதல் பெரும் கேள்வி

புது தில்லி: பாதுகாப்புத் துறைச் செலவு குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் நினைவுகூரப்படுபவர் வி.கே. கிருஷ்ண மேனன். ராணுவக் கொள்முதலுக்காக நாடாளுமன்றக் குழுவின் கண்டனத்துக்கு உள்ளான அவரே, பின்னர் ராணுவத்துக்குப் பொறுப்பான அமைச்சரும் ஆனார்.

கோழிக்கோட்டில் 1896-ல் பிறந்த மேனன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். பின்னர் லண்டன் சென்று, இந்தியா லீக் அமைப்பின் மூலம் நாட்டு விடுதலைக்காகப் பிரசாரம் செய்தார். 1947-ல் பிரிட்டனுக்கான இந்தியத் தூதராக நியமிக்கப்பட்டார்.

மறு ஆண்டு காஷ்மீர்ப் போருக்காக ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. அதிகம் அறியப்படாத நிறுவனம் ஒன்றிடம், பழுதுநீக்கப்பட்ட 2,000 ஜீப்புகளுக்கு மேனன் ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் பயன்படாதவை என ராணுவம் நிராகரித்தது.

இதை ஆராய்ந்த பொதுக் கணக்குக் குழு, 1951-ல் அளித்த அறிக்கையில் நீதி விசாரணை கோரியது. ஆனால், செலவான பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் பரிந்துரைக்கவும் மட்டுமே அக்குழுவுக்கு அதிகாரம் உண்டு, தண்டிக்க இயலாது. 1955-ல் இப்பிரச்னை முடிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. மேனன் தனிப்பட்ட ஆதாயம் பெற்றதாக நிரூபிக்கப்படவில்லை. 1956-ல் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற அவர், 1957-ல் பாதுகாப்பு அமைச்சரானார்.

உள்நாட்டிலேயே தளவாட உற்பத்தியை அவர் ஊக்குவித்தார். பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு 1958-லும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-லும் அவரது காலத்தில் உருவாயின. எனினும், 1962-ல் சீனாவிடம் அடைந்த தோல்வி அவரது பதவியைப் பறித்தது.

1967 தேர்தலில் தோற்ற மேனன், 1969-ல் மேற்கு வங்கத்தின் மிதுனாப்பூரிலும், 1971-ல் திருவனந்தபுரத்திலும் வென்று மக்களவைக்குத் திரும்பினார். அகத்தியர்கூடத்துக்கு ஏறும் வழியில் உள்ள போனக்காடு தேயிலைத் தோட்டம் அடங்கிய மாவட்டம் அது. அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தபோதே, 1974 அக்டோபர் 6-ல் தில்லியில் காலமானார்.

1967 முதல் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரைத் தலைவராக்குவது மரபானது. 1993-ல் பாதுகாப்புத் துறைக்கு நிலைக்குழு அமைந்தது. ஆனால், உளவு அமைப்புகளின் செலவைக் கண்காணிக்கத் தனி நாடாளுமன்றக் குழு இன்றும் இல்லை. குழுவின் பரிந்துரையை அரசு ஏற்காவிட்டால் என்ன செய்வது என்ற 1951-ன் கேள்வியும் விடையின்றியே நீடிக்கிறது.