சிறு செடியிடம் பாடம் கற்ற பேரறிஞர்

தாவரங்கள் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. விலங்குகளோ பிற உயிர்களை உண்டு வாழ்கின்றன. சிறு வகுப்பிலிருந்தே இதை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கி வந்த நாங்கள், இரண்டையும் செய்யும் உயிர்களும் உண்டு என்று இவ்வாண்டு அறிந்தபோது பெரிதும் வியந்தோம். இலையில் பச்சையமும் இருக்கிறது. அதே இலை பூச்சியைப் பிடித்துச் செரிக்கவும் செய்கிறது! இதைப் பெரும் உழைப்பால் நிலைநாட்டியவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கையைத் தந்தவர் என்று அவரை அறியாதவர் இல்லை. ஆனால் உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு செடிக்காகப் பதினைந்து ஆண்டுகள் பாடுபட்டவர் என்பதைச் சிலரே அறிவர்.

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். மருத்துவரான தந்தை, மகனும் மருத்துவனாக வேண்டும் என்று விரும்பி எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் நடந்த அறுவை சிகிச்சையைக் கண்டு சகிக்க முடியாமல் டார்வின் அறையை விட்டே ஓடிவிட்டார். பின்னர் போதகர் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கும் அவர் மனம் வண்டுகளிடமே சென்றது. ஒருநாள் இரு கைகளிலும் இரு அரிய வண்டுகளைப் பிடித்திருந்தபோது மூன்றாவது ஒன்று தென்பட்டது. உடனே கையிலிருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாராம்! அது உமிழ்ந்த காரமான நீர் நாவைச் சுடவே, துப்ப வேண்டியதாயிற்று. மூன்றாவதும் தப்பிவிட்டது.

1831-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘பீகிள்’ என்னும் கப்பலில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1836-இல் திரும்பினார். 1839-இல் எம்மா என்னும் உறவுப் பெண்ணை மணந்தார். 1842 முதல் கென்ட் மாவட்டத்தில் டவுன் என்ற சிற்றூரில் வாழ்ந்தார். தீராத நோய் அவரை வாட்டியது. நாளொன்றுக்குச் சில மணி நேரமே வேலை செய்ய இயன்றது. பத்துக் குழந்தைகளில் மூவரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். இத்தனை துன்பங்களுக்கிடையே 1859-இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலை வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு கோடையில் அந்நூலைப் பற்றி நாடெங்கும் வாதப் போர் நடந்தது. டார்வினோ சசெக்ஸ் பகுதியில் ஒரு புதர்வெளியில் டிரொசிரா என்னும் செடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதன் இலையில் சிவந்த இழைகள் ஏறக்குறைய இருநூறு நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் பனித்துளி போன்ற பசை மின்னும். தற்செயலாகப் பறித்த பன்னிரண்டு செடிகளில் முழுதும் விரிந்த 56 இலைகள் இருந்தன. அவற்றுள் 31 இலைகளில் பூச்சிகள் செத்து ஒட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு பூச்சிகள் தற்செயலாகவா விழுந்தன? இக்கேள்வி அவரை விடவில்லை.

செடிகளை வீட்டிற்குக் கொண்டுவந்து குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டினார். இறைச்சித் துணுக்கு, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, பால் ஆகியவற்றை வைத்தால் இழைகள் மெல்ல வளைந்து மூடிக்கொண்டன. கண்ணாடித் தூளை வைத்தபோதும் வளைந்தன. ஆனால் விரைவிலேயே விரிந்துவிட்டன. தலைமுடியின் மிக நுண்ணிய துண்டுகூட இழையை அசைத்தது; மழைத்துளி விழுந்தால் அசையவில்லை. மழைக்கெல்லாம் மூடிக்கொண்டால் செடிக்கு வீண் வேலைதானே! உணவு கிடைத்ததும் இலையின் நீர் அமிலத் தன்மை பெற்று, நம் இரைப்பை நீரைப் போல முட்டைத் துண்டைக் கரைத்தது.

செடிக்கு இந்த அசைவ உணவு எதற்கு? அது வளரும் சதுப்பு நிலத்தில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. சூரிய ஒளியால் மாவுச்சத்தைச் செய்துகொள்ளலாம். நைட்ரஜனைச் செய்துகொள்ள முடியாது. அக்குறையைப் பூச்சி நிறைவு செய்கிறது.

ஆனால் இதை ஏற்கப் பலர் தயங்கினர். முந்தைய நூற்றாண்டில் தாவரவியல் மேதை லின்னேயஸ்கூட, வீனஸ் பூச்சிப்பொறிச் செடி பிடித்த பூச்சியைத் தின்பதில்லை என்றே கருதினார். டார்வின் அவசரப்படவில்லை. பிற பணிகளுக்கிடையே திரும்பத் திரும்பச் சோதித்து, 1875-இல்தான் ‘பூச்சியுண்ணும் தாவரங்கள்’ என்ற நூலை வெளியிட்டார்.

அப்போதும் ஒரு குறை இருந்தது. பூச்சியைச் செரிப்பதால் செடி உண்மையிலேயே பயன் பெறுகிறதா? எதிர்ப்பாளர்களின் இக்கேள்விக்கு அவர் மகன் பிரான்சிஸ் விடை கண்டார். தட்டுகளில் டிரொசிராவை வளர்த்து, நடுவே தடுப்பு வைத்து, ஒரு பாதிக்கு மட்டும் சிறு இறைச்சித் துணுக்குகளைக் கொடுத்தார். பூச்சிகள் அணுகாதபடி வலையால் மூடினார். ஊட்டம் பெற்ற செடிகளின் விதைகள், பெறாதவற்றின் விதைகளைவிட மூன்று மடங்குக்கு மேல் எடையிருந்தன! 1878-இல் இம்முடிவு வெளியாயிற்று. தந்தை தொடங்கியதை மகன் முடித்துவைத்தார்.

1882-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் டார்வின் மறைந்தார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஒளியால் உணவு தயாரித்துக்கொண்டே பிற உயிர்களை விழுங்கும் நுண்ணுயிரிகள் கடல்நீரில் ஏராளம் என்பதை இன்று அறிவியலார் கண்டுள்ளனர். இயற்கை நம் பாடநூலின் இரண்டு கட்டங்களுக்குள் அடங்குவதில்லை.

டிரொசிரா நம் கொடைக்கானல், உதகை மலைகளின் ஈரப் புல்வெளிகளிலும் வளர்கிறது. சென்ற ஆண்டு கொடைக்கானல் சுற்றுலாவில் சிரித்துப் பேசிக்கொண்டு அதை மிதித்தே நடந்திருப்போமோ என்று இப்போது எண்ணி வெட்கப்படுகிறோம். நோயாளியான ஒரு மனிதர் குனிந்து பார்த்ததை, நல்ல கண்களும் கால்களும் உடைய நாங்கள் பார்க்கவில்லை. மனப்பாடம் மதிப்பெண் தரும். கண் திறந்து பார்ப்பதே அறிவு தரும். அடுத்த முறை நாங்களும் குனிந்து பார்ப்போம். தோழியரே, நீங்களும் வாருங்கள்!