ஆர்ஸ் என்னும் சிற்றூரும் அதன் பங்குத்தந்தையும்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 4-ஆம் நாள் திருப்பலி முடிந்ததும் பங்கு மக்கள் பங்குத்தந்தைக்குப் பொன்னாடை போர்த்தி, பூங்கொத்து கொடுத்து வாழ்த்துகிறார்கள். மறைக்கல்விச் சிறுவர்கள் பாடுகிறார்கள். அந்த நாளுக்கு உரியவரான புனித ஜான் மரிய வியான்னியின் படம் பீடத்தருகே மாலையோடு நிற்கிறது. ஆர்ஸ் நகர் என்று சிலர் மறையுரையில் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது நகர் அல்ல. அவர் காலடி வைத்தபோது அங்கே ஏறத்தாழ 230 பேர்தான் இருந்தார்கள். நம் பங்குகளின் கிளைக் கிராமம் ஒன்றில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஊரை அறியாமல் அதன் பங்குத்தந்தையை அறிய முடியாது என்பதால், முதலில் ஊரைப் பார்ப்போம்.

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில், லியோன் மாநகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் ஆர்ஸ் இருக்கிறது. ஃபோர்மான் என்ற சிற்றோடை ஊரை ஒட்டி ஓடி, சோன் ஆற்றில் கலக்கிறது. கிழக்கே விரிவது தோம்ப் என்னும் மேட்டுநிலம். பழங்காலப் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற களிமண் அது; நீர் உள்ளே இறங்காது. எனவே இடைக்காலத்திலிருந்தே துறவிகளும் நிலக்கிழார்களும் அங்கே நூற்றுக்கணக்கான குளங்களை வெட்டினார்கள். சில ஆண்டுகள் நீர் நிரப்பி மீன் வளர்ப்பார்கள். பிறகு நீரை வடித்துவிட்டு அதே நிலத்தில் தானியம் விதைப்பார்கள். ஒறுத்தல் நாள்களில் இறைச்சி விலக்கப்பட்டிருந்த காலத்தில் மீனுக்கு நல்ல தேவை இருந்தது. ஆனால் தேங்கிய நீர் காய்ச்சலையும் கொண்டுவந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தோம்ப் பகுதி என்றாலே நோயும் வறுமையும்தான் நினைவுக்கு வரும். தனிச் சிற்றரசாக விளங்கி, 1762-இல் பிரெஞ்சு அரசோடு இணைந்த பகுதி இது. அதன் தலைநகரான திரெவூ ஆர்சுக்கு அருகில்தான் இருக்கிறது.

அந்த ஊரில் புனித சிக்ஸ்துவின் பெயரால் ஒரு சிறிய பழங்கோயில், ஒரு மாளிகை, களிமண் சுவர் வீடுகள், வயல்கள், நான்கு மதுக்கடைகள் இருந்தன. புரட்சியின் ஆண்டுகளில் வழிபாடு குலைந்து, ஒரு தலைமுறை மறைக்கல்வி இல்லாமலேயே வளர்ந்திருந்தது. அவர்கள் கடவுளை வெறுத்தவர்கள் அல்லர். ஞாயிறன்று வயலில் வேலை, மாலையில் குடி, விழாக்காலத்தில் நடனம் என்று வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். வெறுப்பவனோடு பேசிவிடலாம், அக்கறையற்றவனோடு பேசுவதுதான் கடினம் என்பதைப் பங்குப் பணியில் இருப்போர் அறிவோம்.

வியான்னி இந்த ஊர்க்காரர் அல்லர். லியோனுக்கு அருகே தார்தில்லி என்ற ஊரில் 1786 மே 8-ஆம் நாள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசு கேட்ட உறுதிமொழியை ஏற்க மறுத்த குருக்கள் வேட்டையாடப்பட்டார்கள். அவர்கள் இரவில் வந்து, வீடுகளிலும் களஞ்சியங்களிலும் திருப்பலி நிறைவேற்றினார்கள். 1799-இல் எக்குல்லியில் ஒரு வீட்டில் வியான்னி புதுநன்மை பெற்றபோது, உள்ளே எரியும் மெழுகுவர்த்தி வெளியே தெரியாதபடி சன்னல்களை மூடி, முன்னால் வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தார்களாம். உயிரைப் பணயம் வைத்துத் திருப்பலிக்கு வந்த குருக்களைப் பார்த்து வளர்ந்த சிறுவன் அவர்.

படிப்பு வரவில்லை. எக்குல்லியின் பங்குத்தந்தை பாலே அவரைத் தம் இல்லத்திலேயே வைத்துக் கற்பித்தார். 1809-இல் நெப்போலியனின் படைக்கு அழைப்பு வந்தது. நோயுற்றுப் பின்தங்கிய வியான்னி, லே நோவே என்ற மலைக்கிராமத்தில் வேறு பெயரில் ஓராண்டுக்கு மேல் மறைந்து வாழ்ந்தார். சட்டத்தின் கண்ணில் அவர் படையிலிருந்து ஓடியவர். 1810-இல் வந்த பொது மன்னிப்பும், அவருக்குப் பதிலாகத் தம்பி படையில் சேர்ந்ததும் அவரைக் காப்பாற்றின. லியோன் குருமடத்தில் இலத்தீன் புரியாமல் திருப்பி அனுப்பப்பட்டார். பாலே விடவில்லை, மேலிடத்தில் மன்றாடி, தாய்மொழியில் தேர்வு எழுத வழி செய்தார். 1815 ஆகஸ்டு 13 அன்று கிரெனோபிளில் அவருக்குக் குருத்துவ அருள்பொழிவு நடந்தது. உறவினர் யாரும் உடன் இல்லை. குருமட நாள்களில் தேர்வில் தோற்ற நண்பர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித் தேற்றியிருக்கிறோம். ஆனால் அப்போது நாம் கவனிக்காமல் விட்டவர் பாலே. அவர் பொறுமை இழந்திருந்தால் ஆர்ஸ் என்ற பெயரை இன்று யார் அறிவார்?

1818 பிப்ரவரியில் வியான்னி ஆர்ஸ் நோக்கி நடந்தார். மூடுபனியில் வழி தெரியவில்லை. ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் வழிகாட்டினான். அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுச்சிலை நிற்கிறது.

முதல் பத்தாண்டுகள் எளிதாக இல்லை. விடியுமுன் எழுந்து நற்கருணைப் பேழைமுன் முழந்தாள்படியிட்டார். வீடு வீடாகச் சென்றார், பெரும்பாலும் மக்கள் உணவருந்தும் நேரத்தில். மதுக்கடைகளுக்கும் நடனங்களுக்கும் எதிராகக் கடுமையாகப் பேசினார். அவருடைய தொடக்ககால மறையுரைகளை இன்று படித்தால், இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று நமக்கே தோன்றுகிறது. வதந்திகள் பரவின. பிற்காலத்தில் அவருடைய அறியாமையைச் சுட்டி அண்டைப் பங்குக் குருக்கள் ஆயருக்கு எழுதிய மனு அவர் கைக்கே வந்தபோது, தாமும் கையெழுத்திட்டு அனுப்பி வைத்தாராம். ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்டிப்பு குறைந்து, இறைவனின் இரக்கமே அவர் பேச்சில் நிறைந்தது. ஊர் அவரை மாற்றியதா, அவர் ஊரை மாற்றினாரா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

1824-இல் ஏழைச் சிறுமியருக்காக அவர் தொடங்கிய இலவசப் பள்ளியும் ஆதரவற்றோர் இல்லமும் அவருடைய செல்லப் பிள்ளை. ஊர்ப் பெண்களே, கத்தரின் லசாஞ்ஞும் அவர் தோழியரும், அதை நடத்தினார்கள். 1847-இல் அதைத் துறவு சபைச் சகோதரிகளிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மனம் நொந்தது, கீழ்ப்படிந்தார்.

இதற்கிடையே திருப்பயணிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒப்புரவு அருட்சாதனத்திற்காக நாள்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். குளிர்காலத்தில் பதினோரு, பன்னிரண்டு மணி நேரம், கோடையில் பதினாறு மணி நேரம்கூட அவர் அந்தப் பெட்டிக்குள் அமர்ந்திருந்தார். லியோனிலிருந்து ஆர்ஸ் செல்வோருக்காகவே எட்டு நாள் செல்லும் சிறப்புப் பயணச் சீட்டு விற்கப்பட்டது. இறுதி ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேர் வந்தார்கள் என்கிறார்கள். 1852-இல் ஆயர் அணிவித்த கௌரவ மேலாடையை 50 பிராங்குக்கு விற்று, ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் பலர் சொல்லத் தயங்கும் ஒன்று உண்டு. இந்தப் புனிதர் தம் பங்கைவிட்டு ஓடப் பார்த்தார், அதுவும் ஒருமுறை அல்ல. 1840-இல் ஓர் இரவு புறப்பட்டு, வழியிலிருந்த சிலுவையடியில் நின்று செபித்துத் திரும்பிவிட்டார். 1843-இல் கடும் நோயிலிருந்து எழுந்தபின் தார்தில்லியில் உள்ள அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார். திருப்பயணிகள் அங்கும் தேடிச் சென்றார்கள். சில நாள்களில் ஆர்சுக்கே திரும்பினார். 1853 செப்டம்பரில் மீண்டும் நள்ளிரவில் கிளம்பியபோது, ஆலய மணியை அபாயமணிபோல் அடித்தார்கள். தீயோ, திருடரோ என்று ஊரார் விளக்கோடும் தடியோடும் ஓடி வந்து, வழியை மறித்து அழுதார்கள். அவர் திரும்பி நடந்து, ஒப்புரவுப் பெட்டிக்குள் போய் அமர்ந்தார்.

ஏன் ஓட விரும்பினார்? தனிமையில் தம் பாவங்களுக்காக அழ வேண்டும், பங்குத்தந்தையாகச் சாகக் கூடாது என்ற அச்சம் அவருக்கு இருந்தது. எத்தனையோ ஆன்மாக்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமே என்ற நடுக்கம் அது. மாற்றல் கேட்டு ஆயரகப் படியேறியிருக்கும் குருக்களாகிய நாம் இந்த ஓட்டத்தைப் படிக்கும்போது சற்றே தலை குனிகிறோம். நம்முடைய காரணங்கள் வேறு.

1859 ஆகஸ்டு 4, அதிகாலை 2 மணிக்கு, தம் 73-ஆம் வயதில், அஞ்சிய அந்தப் பணியிலேயே அவர் இறந்தார். 41 ஆண்டுகள் ஒரே பங்கு. திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1925-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கி, 1929-இல் உலகப் பங்குத்தந்தையர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆர்சுக்குச் சென்று செபித்தார்.

ஊரின் பெயர் இன்று ஆர்ஸ்-சுர்-ஃபோர்மான். குளங்கள் இன்னும் இருக்கின்றன. மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம். திருப்பயணிகளோ ஆண்டுக்கு இலட்சக்கணக்கில். லியோனின் ஃபுர்வியேர் பேராலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பொஸான்தான் இங்கும் பேராலயம் எழுப்பினார். ஆனால் பழைய கோயிலை இடிக்கவில்லை. அதன் சிறிய நடுக்கூடத்தை அப்படியே விட்டு, அதனோடு ஒட்டியே கட்டினார். உயர்ந்த குவிமாடத்தின் கீழ், பேழைக்குள் புனிதரின் உடல் இருக்கிறது. அங்கிருந்து சில அடிகள் நடந்தால் தாழ்ந்த கூரை, பழைய சுவர்கள், அவர் அமர்ந்திருந்த ஒப்புரவுப் பெட்டி.