அராலியில் வீழ்ந்த ஜெனரல் கொப்பேகடுவ: பதக்கங்கள் கிடைத்தன, விடை கிடைக்கவில்லை

1992 ஆகஸ்ட் 8ஆம் திகதி காலை. யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறைத் தீவின் அராலி முனையில் ஒரு லேண்ட் ரோவர் வாகனம் கண்ணிவெடியில் சிக்கியது. அதில் இருந்தவர்கள் சாதாரண ரோந்துப் படையினர் அல்லர். வடக்குப் போரை நடத்திக்கொண்டிருந்த மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ, பிரிகேடியர் விஜய விமலரத்ன, கடற்படையின் கொமடோர் மொஹான் ஜயமஹா மற்றும் பல மூத்த அதிகாரிகள். யாழ் குடாநாட்டின் மீதான பெரிய தாக்குதல் ஒன்றைத் திட்டமிடவே அவர்கள் தீவகத்துக்கு வந்திருந்தார்கள். ஒரே வெடிப்பில் இலங்கைப் படைகளின் வடக்குத் தலைமை அழிந்தது. படுகாயமடைந்த கொப்பேகடுவவின் உயிரும் அன்றே பிரிந்தது. அப்போது அவருக்கு 52 வயது.

1940 ஜூலை 27இல் பிறந்த கொப்பேகடுவ, கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர். றக்பி ஆட்டத்தில் பெயர் எடுத்தவர். 1960இல் இராணுவத்தில் சேர்ந்து, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று, கவசப் படையில் அதிகாரியானார். அன்றைய இலங்கை இராணுவம் போர் பார்க்காத, அணிவகுப்புக்குப் பழகிய சிறிய படை. உள்நாட்டுப் போர் மூண்டபோது அவரது தலைமுறை அதிகாரிகள் களத்திலேயே போரைக் கற்க வேண்டியிருந்தது.

நாடு முழுவதும் அவர் பெயர் அறியப்பட்டது 1987இல். மே 26இல் வடமராட்சியில் தொடங்கிய 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடவடிக்கையில் ஒரு படைப்பிரிவை அவரும், மற்றொன்றை விமலரத்னவும் நடத்தினார்கள். இராணுவப் பார்வையில் அது பெரு வெற்றி. வடமராட்சி மக்களின் நினைவில் அது வேறு. ஷெல் வீச்சில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இளைஞர்கள் கூட்டங் கூட்டமாகப் பிடிக்கப்பட்டு, கப்பலில் தெற்கே பூஸா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. நடவடிக்கை நின்றது. ஜூலை 29இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. அந்த ஆண்டு நம் சமூகம் மறக்க முடியாத ஆண்டு. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் ஷஹீதாக்கப்பட்டார்கள். ஒரு வாரத்தின் பின் ஏறாவூர். ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் பிறந்த மண்ணைவிட்டு விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

இதே காலத்தில்தான் தீவகம் இராணுவத்தின் கைக்கு வந்தது. புலிகளின் முற்றுகையில் இருந்த யாழ் கோட்டையை மீட்க, ஆகஸ்டில் படையினர் ஊர்காவற்றுறையில் தரையிறங்கினர். மண்டைதீவிலிருந்து கடல்நீரேரியைத் தாண்டி செப்டெம்பரில் கோட்டையை அடைந்தனர். சில நாட்களில் கோட்டையைக் கைவிட்டாலும் தீவகத்தை இராணுவம் விடவில்லை. பெரும்பாலான தீவக மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிக்கப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பவேயில்லை.

1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைப் புலிகள் முற்றுகையிட்டார்கள். கொப்பேகடுவவும் விமலரத்னவும் 'பலவேகய' நடவடிக்கையை நடத்தினார்கள். வெற்றிலைக்கேணிக் கடற்கரையில் படைகளை இறக்கி, ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரத்தை மூன்று வாரம் போரிட்டுக் கடந்து முகாமைக் காப்பாற்றினார்கள். அதன்பின் தென்னிலங்கையில் கொப்பேகடுவ ஒரு வீரநாயகன். ரண விக்ரம, ரண சூர, விசிஷ்ட சேவா விபூஷண, உத்தம சேவா என்று பதக்கங்கள் பெற்றவர். மரணத்தின் பின் லெப்டினன்ட் ஜெனரலாகத் தரமுயர்த்தப்பட்டார்.

அந்தப் புகழே அவரது மரணத்தைச் சர்ச்சையாக்கியது. 1991இல் குற்றப்பிரேரணையில் தப்பிய ஜனாதிபதி பிரேமதாசவின் மேல் ஏற்கெனவே சந்தேகம் நிறைந்திருந்தது. கண்ணிவெடி புலிகளுடையது என்றது அரசாங்கம். உள்வீட்டுச் சதி என்றது தெருப் பேச்சு. கொழும்பு கனத்தையில் நடந்த இறுதிச் சடங்கில் கூட்டம் அரசாங்கத்துக்கு எதிராகக் கொதித்தது. சந்திரிகா ஆட்சிக்கு வந்தபின் நியமித்த ஜனாதிபதி ஆணைக்குழு முந்திய அரசாங்கத்தின் பக்கம் விரல் நீட்டியது. ஆனால், எந்த நீதிமன்றமும் எவரையும் குற்றவாளியாகக் காணவில்லை. பிரேமதாசவும் 1993 மே 1இல் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார்.

அராலியின் கதை அராலியோடு முடியவில்லை. மறுநாள் ஆகஸ்ட் 9இல், நாட்டின் மறுபக்கத்தில், மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலந்தனைக் கிராமத்தில் 35க்கும் மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். தளபதிகளின் மரணத்துக்குப் பழிவாங்கவே இது நடந்தது என்று பரவலாகச் சொல்லப்பட்டது. இராணுவத்தினர் மீது வழக்கு நடந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2002இல், அவர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் கிராமத்து மக்களுக்கும் அராலிக் கண்ணிவெடிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பக்கம் நாடே கண்ணீர்விட்ட ஜெனரல். மறுபக்கம் பெயரே பதியப்படாத கிராமத்து மக்கள். இரண்டு மரணங்களுக்கும் இந்த நாடு கொடுத்த நீதி ஒன்றுதான். ஜெனரலின் மரணம் தேர்தல் மேடைக்குப் பயன்பட்டது, மயிலந்தனையின் மரணங்கள் அதற்கும் பயன்படவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இதை நாம் ஏன் பேச வேண்டும்? காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. வெளியேற்றத்துக்கும் எவரும் நீதிமன்றில் பதில் சொல்லவில்லை. நமக்கு மட்டும்தான் நீதி மறுக்கப்பட்டது என்று நினைத்தால் நம் குரல் தனித்துப்போகும். லெப்டினன்ட் ஜெனரல் ஒருவரின் மரணத்துக்கே உண்மையைக் கண்டு சொல்லாத அரசு, அகதி முகாமில் வாழ்ந்தவனுக்குத் தானாக முன்வந்து சொல்லப்போவதில்லை. எனவே, காத்தான்குடிக்கு நீதி கேட்கும் நாம் மயிலந்தனைக்கும் கேட்க வேண்டும். மண்டைதீவில் காணாமற்போன பிள்ளைக்காகவும், அராலியில் தந்தையை இழந்த சிங்களப் பிள்ளைக்காகவும் கேட்க வேண்டும். அப்போதுதான் நமது கோரிக்கையை ஒரு சமூகத்தின் முறைப்பாடு என்று எவராலும் ஒதுக்கிவிட முடியாது.