ஆசிரியப் பெருந்தகை மீனாட்சிசுந்தரம் பிள்ளை

புராணங்களும் பிள்ளைத்தமிழும் அந்தாதிகளும் பாடிக் குவித்தவர் என்றே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைப் பலரும் அறிவர். பாடம் சொன்ன பிள்ளையவர்களே அடியேனுக்குப் பெரியவராகத் தோன்றுகிறார்.

1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பிறந்த அவர், தந்தையார் சிதம்பரம் பிள்ளையிடமே முதற்கல்வி பெற்றார். பின்னர் மௌன மடத்து வேலாயுத முனிவரிடமும், சென்னையில் காஞ்சிபுரம் சபாபதி முதலியார், மழவை மகாலிங்கையர் முதலியோரிடமும் கற்றார். பிச்சை ஏற்று உண்ணும் பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்றறிந்து, அவரைத் தொடர்ந்து சென்று, வேண்டுவன செய்து, அந்நூலைப் பாடங் கேட்டார். கற்பிப்பவரின் நிலையை நோக்காது கல்வியையே நோக்கிய அந்தக் கண்தான், பிற்காலத்தில் மாணவரின் சாதியையும் சமயத்தையும் நோக்காதிருந்தது. இசுலாமியரான குலாம்காதிறு நாவலரும் கிறித்தவரான சவராயலு நாயகரும் அவரிடம் தமிழ் கற்றனர்.

1871இல் மாயூரத்தில், பதினாறு வயதுப் பிள்ளையாகிய வேங்கடராமனைத் தந்தையார் அவரிடம் அழைத்து வந்தார். நைடதத்தில் ஒரு செய்யுளைச் சொல்லச் செய்து, பொருளும் கேட்டார் பிள்ளையவர்கள். ஆயினும் உடனே இசைந்துவிடவில்லை. சில காலம் படித்துவிட்டு இடையிலே போய்விட்ட மாணாக்கர் பலரை அவர் கண்டிருந்தார். நம்பிக்கையைத் தருவதற்கு முன் தயங்கியவர், தந்தபின் மீட்டுக்கொள்ளவில்லை. வேறு பெயர் உண்டா என வினவி, வீட்டார் வழங்கிய சாமா என்பதன் முழுவடிவமான சாமிநாதன் என்பதையே தேர்ந்து அழைத்தார். பிள்ளை மனம் கோணாதபடி, அவன் வீட்டிலேயே இருந்த பெயரை எடுத்துக்கொண்ட நயத்தைக் கவிஞர்கள் உணர்வார்கள்.

குறையொன்றும் கூறவேண்டும். அக்காலத்தில் மாயூரத்திலிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதன் இசை பயின்றதைப் பிள்ளையவர்கள் பாரதியார் வாயிலாகவே அறிந்தார். இசைப்பழக்கம் இலக்கண இலக்கியப் பயிற்சிக்குத் தடையாகும் என்பது அவர் கருத்து. மாணவர் இசையை அன்றோடு நிறுத்திவிட்டார். இத்தடை வேண்டியதுதானா என்னும் ஐயம் அடியேனுக்கு உண்டு. இசை தெரிந்த புலவனுக்கு யாப்பு வசப்படாமற் போகுமா என்ன? ஆனால் மாணவர் முறுமுறுத்தார் அல்லர். தம்மையே நினைந்து பாடம் சொல்பவர் ஒருவர் சொன்னால், அதைப் பொறுக்க மனம் இடங்கொடுத்துவிடுகிறது.

திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கியும் கடன் அவரை விட்டபாடில்லை. கையிற் பொருளில்லாத நாளிலும் பாடம் நின்றதில்லை.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரிந்தது. கிறித்தவ மாணவர் சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருக்க, அந்தண மாணவர் சாமிநாதர் அருகிலிருந்து திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படித்தார். தம் ஆசிரியரின் வரலாற்றை அம்மாணவர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது.