கடிகாரக்காரர் டேவிட் ஹேர்

தண்டவாளமே இல்லாத இத்தீவில் அமர்ந்து, பெருநிலத்து இரயில்களுக்கு முன்பதிவு செய்து தரும் நமக்குக் கடிகாரத்தின்மேல் தனிப்பற்று உண்டு. அப்பற்றே கடிகாரக்காரர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதத் தூண்டியது. அவர்தாம் கல்கத்தா மாநகரம் போற்றும் டேவிட் ஹேர் பெருமகனார்.

ஸ்காட்லாந்தில் 1775-ஆம் ஆண்டு பிறந்த ஹேர், கடிகாரத் தொழில் பயின்று, 1800-இல் கல்கத்தா வந்து கடை வைத்தார். ஆளுயரப் பெட்டிக் கடிகாரங்கள் செல்வர் இல்லங்களை அணிசெய்த காலம் அது. ஸ்காட்லாந்துத் தச்சர் மகோகனி மரத்தை இழைத்து மெருகேற்றி அப்பெட்டிகளைச் செய்தனர். உள்ளே இரண்டு எடைக்குண்டுகள் தொங்கும். ஒன்று முட்களை ஓட்டும், மற்றொன்று மணியடிக்கும். ஏறத்தாழ 39 அங்குல ஊசல் ஒரு புறமிருந்து மறுபுறம் செல்ல ஒரு விநாடி ஆகும். ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். வெப்பத்தில் ஊசல் சற்றே நீண்டாலும் நேரம் பிந்தும்; பெட்டி சாய்ந்தால் ஓட்டமே நின்றுவிடும். இவற்றைப் பழுதுபார்ப்பவர்க்குப் பொறுமையும் கூர்ந்த நோக்கும் வேண்டும். அவ்விரண்டையும் ஹேர் பின்னாளில் பள்ளிப் பிள்ளைகள்பால் செலுத்தினார்.

பொருள் சேர்ந்ததும் ஊர் திரும்புவது அந்நாளைய ஐரோப்பியர் வழக்கம். ஹேர் திரும்பவில்லை. 1817-இல் இந்துக் கல்லூரி தோன்ற முன்னின்று உழைத்தார். அவ்வாண்டே பாடநூற் சங்கமும், 1818-இல் பள்ளிச் சங்கமும் எழுந்தன. இரண்டிலும் அவர் பங்கு பெரிது. 1820 அளவில் கடையை விற்றுவிட்டுக் கல்விப்பணியே தம் பணியாகக் கொண்டார். பல்லக்கேறிப் பள்ளிதோறும் செல்வார், வராத பிள்ளையை வீடு தேடிச் சென்று விசாரிப்பார், நோயுற்றவனுக்கு மருந்தளிப்பார். பள்ளியில் இடம் வேண்டி ஏழைச் சிறுவர் அப்பல்லக்கின் பக்கமாக ஓடிவருவர். அவ்வாறு பல நாள் ஓடி இடம்பெற்ற இராமதனு லாகிரி பிற்காலத்தில் புகழ்மிக்க ஆசிரியரானார்.

ஏழைத் தொழிலாளரை ஏமாற்றி மொரீஷியஸ் முதலிய தீவுகளுக்குக் கப்பலேற்றிய கொடுமையையும் ஹேர் எதிர்த்தார். கடல் கடந்து வாழும் நாம் இதனை மறத்தலாகாது.

கைப்பொருளெல்லாம் கல்விக்கே கரைந்தது. 1842 ஜூன் 1-ஆம் நாள் வாந்திபேதியால் மறைந்தார். சமயப்பற்று இல்லாதவர் என்று கூறிக் கிறித்தவக் கல்லறையில் இடம் மறுத்தனர். எனவே கல்லூரிச் சதுக்கத்தில், தாம் வளர்த்த பிள்ளைகள் நடமாடும் இடத்திலேயே அடக்கமானார். கொட்டும் மழையிலும் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர்.

அன்பர்களே, நம் சங்கத்தின் மாலை வகுப்பில் ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று வருவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க எவரும் அவர்கள் வாசற்படி ஏறவில்லை, நாமும் ஏறவில்லை. ஹேர் வரலாற்றைப் படித்தபின் அது நமக்கு நாணமாயிற்று. வரும் ஞாயிறு முதல் வீடுவீடாகச் செல்வதென்று துணிந்துள்ளோம். உடன்வர விரும்புவோர் விழா முடிவில் நம்மைக் காண்பாராக.